பல்லுக்கொதி வரும்வரை காத்திராதீர்கள்

முகாமில் இருந்த நாட்களில் பசிக்கும் நித்திரையின்மைக்கும் அம்மாவுக்குத் துணையாக இருந்தது வெற்றிலைதான். மீளக்குடியேறிய பின், ஆடிய பல்லொன்றைப் பிடுங்குவதற்காக அரசாங்க வைத்தியசாலைக்கு அவரைக் கூட்டிச் சென்றேன். பல் வைத்தியர் பல்லோடு நிற்கவில்லை. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். கன்னத்தினுள்ளே ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. நோவில்லாததால் அம்மாவுக்கு அது தெரியவேயில்லை. சிறு துண்டெடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடியது, ஆனால் இன்னும் மாறவில்லை என்றார்கள். அம்மா வெற்றிலையை விட்டுவிட்டார். தவணை தவறாமல் கிளினிக் போகிறார்.

புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று எங்களில் பலர் நினைக்கிறோம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

சகோதரிகளே, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், உறைப்புப் பட்டால் எரிவு, வாயைத் திறக்கக் கஷ்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், வெற்றிலை போடுபவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது வாயைக் காட்டுவது நல்லது. சில நிமிட வேலைதான். அரசாங்க வைத்தியசாலையில் காசும் தேவையில்லை. குடும்பத்தைத் தனியே சுமக்கும் எங்களுக்கு, எங்கள் உயிரும் ஒரு பொறுப்புத்தான்.