தண்ணீருக்குச் சுகமில்லை

படகு இயந்திரத்தின் உடல்நிலையை அறிய விரும்புபவர் முதலில் படகின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். புகைக்குழாயிலிருந்து புகையோடு தண்ணீரும் கொப்பளித்துக் கொண்டு வந்தால் கவலையில்லை. தண்ணீர் மெலிந்து வெண்ணிற ஆவி கூடினால், சத்தமும் வறண்டு கரகரத்தால், இயந்திரம் தாகத்தில் இருக்கிறது என்று பொருள். வெப்பமானியின் முள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நகரும்.

மலையகத்துக்கும் படகு இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்கக்கூடும். நுவரெலியாவின் கிரகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்டது. ஹட்டனுக்கு அப்பால் 1965இல் காசல்ரி அணையும் 1969இல் மவுஸ்ஸாகலை அணையும் எழுந்தன. தேயிலை மலைகளின் நடுவே இத்தனை தண்ணீர் தேங்கினால் படகும் வந்துதானே தீரும்? பெரும்பாலானவை வெளியே தொங்கும் இயந்திரம் பூட்டியவை. படகின் வயிற்றுக்குள் இயந்திரம் பொருத்தப்பட்டவை சிலவே. இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றுதான்: வெளியிலுள்ள நீரை உறிஞ்சி இயந்திரத்தைக் குளிர்விக்கும் சிறிய பம்ப்.

அதன் அமைப்பு எளிமையானது. வெண்கலக் கூட்டுக்குள் இறப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம் சுழல்கிறது. ‘இம்பெல்லர்’ என்பார்கள். கூட்டின் ஒரு பக்கம் சற்றுப் புடைத்திருப்பதால் இதழ்கள் அங்கே மடங்கி, அப்பால் நிமிரும்போது நீரை இழுக்கின்றன. இறப்பருக்கு வழுவழுப்பைத் தருவதும் அந்த நீரே. நீரின்றி ஒரு நிமிடம் சுழன்றாலே இதழ்கள் கருகத் தொடங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் சீசனில் மலையக நீர்நிலை ஒன்றில் இந்தப் பம்பினால் வந்த வழக்கு ஒன்றைக் கண்டேன். எந்த நீர்நிலை, யாருடைய படகு என்பதை எழுதப்போவதில்லை. ஒரே பருவத்தில் மூன்று இம்பெல்லர்கள் போய்விட்டன. உரிமையாளருக்குப் புதிய பம்ப் வேண்டும், சனிக்கிழமைக்குள் படகும் வேண்டும். பழுது பார்க்க வந்தவர் தோட்டத்து லயத்தில் பிறந்து, நீர்கொழும்பில் மீன்பிடி வள்ளங்களில் தொழில் பழகியவர். எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றே அழைத்தனர்.

அவர் பம்பைத் தொடவேயில்லை. நீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, இயந்திரத்தை முடுக்கச் சொன்னார். வாளி மளமளவென்று வற்றியது. என்னைத் திரும்பிப் பார்த்து, “பம்பு நல்லாத்தான் இருக்கு சேர். தண்ணிக்குத்தான் சுகமில்ல” என்றார்.

அந்த வாளிச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். வாளியிலிருந்து நீர் வந்து, வாவியிலிருந்து வராவிட்டால் கோளாறு பம்புக்கு முன்னால் இருக்கிறது. பிறகு அவர் படகின் அடித்துவாரத்து வால்வைத் திறந்தார். பீறிட வேண்டிய நீர் கசிந்தது. கம்பியால் குத்தியபோது பாசிக் கொடியும் பொலித்தீன் துண்டும் வெளியே வந்தன. வடிகட்டியின் கண்ணாடி மூடியில் குமிழிகள் ஓடினால் எங்கோ காற்று புகுகிறது என்றும், பெரும்பாலும் அந்த மூடியின் வளையமே குற்றவாளி என்றும் சொல்லிக்கொண்டே அதையும் மாற்றினார்.

இறுதியில்தான் பம்பின் மூடித்தகட்டைக் கழற்றினார். பித்தளைத் தகட்டில் இசைத்தட்டின் கோடுகளைப் போல வட்ட வட்டமாகக் கீறல்கள். மண் அரைத்த தடம். தகட்டைத் திருப்பிப் பூட்டினால் இன்னும் சில காலம் ஓடும் என்றார். இம்பெல்லரில் இரண்டு இதழ்கள் இல்லை. அவற்றை அவர் விடாமல் தேடினார். முறிந்த இதழ் நீரோடு போய் வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்ளும். புதிய இம்பெல்லர் போட்டும் சூடு தணியாது. ஒன்று அங்கேதான் இருந்தது. மற்றது முந்தைய பழுதின் மிச்சத்தோடு குழாய் வளைவில் கிடந்தது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். வெளிநீரையே நேரடியாக உடலெங்கும் ஓடவிடும் இயந்திரங்களுக்கு இதனால் பாதுகாப்பு எல்லை குறைவு. மறுபுறம், மலைநாட்டு வாவி நீர் நீர்கொழும்புக் கடல்நீரைவிட வெகுவாகக் குளிர்ந்தது. கரையில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் இங்கே சூடேறினால், குறைந்திருப்பது நீரின் அளவே.

அந்த நீர் ஏன் இப்படி இருக்கிறது? சுற்றியுள்ள சரிவுகளைப் பார்த்தால் தெரியும். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளிலும், செடி பட்டுப்போன பழந்தேயிலை நிலங்களிலும் ஒரு பெருமழை பெய்தால் ஓடைகள் செந்நிறமாகின்றன. மண்ணோடு உரமும் வருகிறது. உரம் பாசியை வளர்க்கிறது. வரட்சியில் மவுஸ்ஸாகலை வற்றி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும்போது எல்லோரும் கெமராவோடு ஓடுகிறோம். நானும் அப்படிச் செய்தி எழுதியவன்தான். அதே நாட்களில் படகுகள் சேற்றுக்கு அருகே நீரை உறிஞ்சுகின்றன என்பது எந்தப் பத்திரிகையிலும் செய்தியாகாது.

நீர் நின்றுபோனால் இயந்திரம் மட்டும் கெடுவதில்லை. புகையைக் குளிர்விப்பதும் அந்த நீர்தான். அது இல்லாவிட்டால் இறப்பர்ப் புகைக்குழாய் கருகும், தீப்பற்றவும் கூடும். மூடிய படகுக்குள் நச்சுப்புகை நுழையும். வாவி நடுவே, காற்றடிக்கும் பிற்பகலில், குழந்தைகளோடு ஒரு குடும்பம் அதில் இருக்கும். பாஸ் அதனால்தான் சனிக்கிழமை படகைத் தர மறுத்தார். உரிமையாளர் சத்தமிட்டார். அவர் வடிகட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். படகு திங்கட்கிழமைதான் நீரில் இறங்கியது.

அவர் இறுதியாகச் சொன்ன சில விடயங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். சீசன் முடிந்து படகைக் கட்டிவைக்கும்போது இம்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். மடங்கிய இதழ்கள் மடங்கியபடியே விறைத்துவிடும். மீண்டும் பூட்டும்போது இறப்பரைக் கெடுக்கும் சாதாரண கிரீஸைப் பூசாமல் சவர்க்கார நீரோ கிளிசரினோ பூச வேண்டும். கரையிலிருந்து வந்த இயந்திரமானால் அரிப்பைத் தாங்கும் நாகக் கட்டியை அகற்றி மக்னீசியக் கட்டி பூட்ட வேண்டும். நன்னீரில் நாகம் வேலை செய்யாது. வடிகட்டியை எத்தனை நாளைக்கொரு முறை கழுவுவது என்று கேட்டேன்.

“மேல மழை பேஞ்சா, அன்னிக்கே” என்றார்.