ஓராண்டு அவகாசம்

நம்மில் பெரும்பாலோர் படிப்படியாக ஏறித் தலைநகருக்கு வந்து சேர்ந்தவர்கள். ஊர்ப் பள்ளியில் தேர்ச்சி, கல்லூரியில் பட்டம், மத்திய அரசின் பணித்தேர்வு, பின்னர் கையில் ஓர் ஆணையுடன் ரயில் பயணம் என்று ஒவ்வொரு படியாக ஏறியதனாலேயே இங்கு நமக்கு ஒரு குடியிருப்பும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் வாய்த்தன. ஆகவே, ‘மேலே போ’ என்று எவர் சொன்னாலும் அது நல்வாக்காகவே நம் செவியில் விழுகிறது. போகத்தான் வேண்டுமா என்று ஆராயும் வழக்கம் நமக்கில்லை. சென்ற ஆண்டு அவ்வாறு ஆராய வேண்டிய நிலை என் வீட்டில் ஏற்பட்டது.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அண்டை வீட்டு வங்காளிச் சிறுமிக்குத் துணையாக ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கூடத்திற்குச் சென்றவள், ஆறு வயது முதலே அங்கு ஒன்றிப்போய்விட்டாள். வாரத்தில் மூன்று மாலைகள் பயிற்சி. மண்டல அளவிலான பள்ளிப் போட்டிகளில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பரிசும் பெற்றாள். ஒரு நாள் அவளுடைய பயிற்சியாளர் என்னை அழைத்து, “இந்தப் பிரிவில் இவளுக்கு இனி வேலையில்லை. இரண்டு சிறுமிகளையும் அடுத்த பிரிவுக்கு ஏற்றிவிடலாம்” என்று இந்தியில் கூறினார்.

அடுத்த பிரிவு என்றால் மாநில அளவில் போட்டி; வாரத்தில் ஆறு நாள் பயிற்சி; அதிலும் மூன்று நாள் விடியற்காலையில். இவை அனைத்தினும் பெரிது, ‘பீம்’ எனப்படும் சமநிலைக் கட்டையின் மீது செய்ய வேண்டிய புதிய வித்தை. அந்தக் கட்டையின் நீளம் 5 மீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 1.25 மீட்டர். என் மகளின் மோவாயை எட்டும் உயரம் அது. அதன்மேல் நின்று, பின்புறமாகத் துள்ளி, கைகளை ஊன்றிப் புரண்டு, மீண்டும் கால்களில் நிற்க வேண்டும். எங்கே கை வைக்கப் போகிறோம் என்பது துள்ளும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாது.

என் மனைவி படிப்பைக் காரணம் காட்டித் தயங்கினாள். நானோ மகிழ்ச்சியில் திளைத்தேன். அலுவலகத்தில் சொன்னேன், மலைமந்திரில் சந்தித்த நண்பர்களிடம் சொன்னேன். வீட்டில் தீபா கர்மாகரின் கதையையும் எடுத்துரைத்தேன். அகர்தலாவில் தட்டைப் பாதங்களுடன் பயிற்சியைத் தொடங்கிய அந்தப் பெண், 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் இறுதிப் போட்டியில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் 0.15 புள்ளியில் கைநழுவியது. அந்த 0.15ஐ எங்கள் வீட்டுப் பெண் மீட்டுத் தந்துவிடுவாள் என்பது போலவே நான் பேசித் திரிந்தேன்.

ஜூன் மாதத்துத் தில்லி வெயிலில் மகள் முழங்கால்வரை காலுறை அணிந்துகொண்டு வீட்டிற்குள் நடமாடுவதைக் கண்டு அவள் தாய் ஐயுற்றாள். உறையைக் கழற்றிப் பார்த்தபோது முழந்தாளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்திற்குக் கன்றிப்போயிருந்தது. கட்டையில் மோதி விழுந்து பத்து நாட்களாகிவிட்டனவாம்.

“ஏனம்மா சொல்லவில்லை?” என்றேன்.

“சொன்னால் அம்மா நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால் நீங்கள் மேலே அனுப்பிவிடுவீர்கள். என்னை யாரும் கேட்கவே இல்லையே, அப்பா.”

மறுநாள் விடுப்பெடுத்துப் பயிற்சிக்கூடத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் அமர்ந்தேன். ஐந்து ஆண்டுகளில் ஒரு பயிற்சியை முழுமையாக நான் பார்த்தது அன்றுதான். தரையில் வரைந்த கோட்டின் மீது அவள் அந்த வித்தையைத் தயங்காமல் செய்தாள். தாழ்ந்த கட்டையிலும் செய்தாள். உயர்ந்த கட்டையில், முதுகில் பயிற்சியாளரின் கை இருந்தவரை செய்தாள். அவர் கையை எடுத்தபின் ஏழு முறை கைகளை மேலே உயர்த்தினாள். ஏழு முறையும் துள்ளாமலே தாழ்த்திக்கொண்டாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 2019ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு எனக்கு மேல்நிலை எழுத்தராகப் பதவி உயர்வு வந்தது, பணியிடம் குவாஹாத்தி. குழந்தையின் படிப்பை முன்னிட்டு ஏற்க இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உண்மை அதுவன்று. புதிய ஊரில், அறியாத பணியில் தடுமாறி நிற்பேனோ என்ற அச்சமே காரணம். பதவி உயர்வை மறுப்பவருக்கு ஓராண்டுக் காலம் மீண்டும் அவ்வாய்ப்பு வழங்கப்படமாட்டாது என்பது எங்கள் விதி. அதைத் தண்டனை என்றே பலரும் கூறுவர். எனக்கோ அது அவகாசமாக அமைந்தது. 2021இல் ஜெய்ப்பூருக்கு ஆணை வந்தபோது ஏற்றுக்கொண்டேன். ஈராண்டு தனித்திருந்து பணியாற்றிவிட்டுத் திரும்பினேன். அரசாங்கம் எனக்குத் தந்த ஓராண்டை நான் என் மகளுக்குத் தர மறுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கலையே காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் பின்னர் அறிந்தேன். 1976இல் மாண்ட்ரியலில் முழுமையான பத்துப் புள்ளிகளைப் பெற்றபோது நாடியா கொமனேச்சிக்கு வயது 14. 1997 முதல் அத்தகைய போட்டிகளில் பெண்கள் பங்கேற்க 16 வயது நிறைவடையும் ஆண்டு வந்தாக வேண்டும். 2006 முதல் மதிப்பெண்ணையும் இரண்டாகப் பிரித்துவிட்டனர்: செய்யும் வித்தையின் கடினத்திற்கு ஒன்று, செய்த விதத்தின் செம்மைக்கு மற்றொன்று. கட்டையிலிருந்து விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போய்விடும். கடினத்தை மட்டுமே வளர்ச்சி என்று நான் எண்ணியிருந்தேன். செம்மைக்கும் அங்கே தனிக் கணக்கு உண்டு.

மகளிடம் கேட்டேன். “இந்தப் பிரிவிலேயே இன்னும் ஓராண்டு இருக்கிறேன், அப்பா. ஆனால் அந்தத் துள்ளலை விடமாட்டேன். பயம் போனதும் நானே சொல்கிறேன்” என்றாள். பயிற்சியாளர் முதலில் முகம் சுளித்தார். பிறகு இசைந்து, தாழ்ந்த கட்டையிலிருந்து சிறிது சிறிதாக உயரத்தைக் கூட்டும் முறையை வகுத்தார்.

இம்முடிவிற்கும் விலை இருந்தது. அண்டை வீட்டுச் சிறுமி அடுத்த பிரிவுக்குப் போய்விட்டாள். ஐந்தாண்டுகள் கைகோத்துச் சென்ற பாதையில் என் மகள் தனியே நடந்தாள். முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் அழுததை நான் அறிவேன். தவறிழைத்துவிட்டோமோ என்று அன்று கலங்கினேன். நண்பர்களுக்கு விளக்கம் சொல்வதும் எளிதாக இல்லை. ‘அதே பிரிவில்தான் இருக்கிறாள்’ என்று கூறுகையில், தேர்வில் தவறிய பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் என் குரல் தாழ்ந்தது.

சென்ற மாதம் ஒரு மாலை வீடு திரும்பியவள், உயர்ந்த கட்டையில் பயிற்சியாளரின் கையை எடுத்துவிடுமாறு தானே கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். மேற்கொண்டு கேட்க என் நா துடித்தது, அடக்கிக்கொண்டேன். சற்றுப் பொறுத்து அவளே சொன்னாள்: மூன்று முறை துள்ளினாளாம், இரண்டு முறை நின்றாள், ஒரு முறை விழுந்தாள். முழந்தாளுக்குக் கீழே சிறிது சிவந்திருந்தது. காலுறை அணிந்து அதை அவள் மறைக்கவில்லை.

அடுத்த பருவத்திற்கான விண்ணப்பப் படிவம் இப்போது என் மேசைமீது இருக்கிறது. எந்தப் பிரிவு என்ற கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை. இருபது ஆண்டுகளாகப் படிவங்களை நிரப்பியே வாழ்ந்தவன் நான். அந்த ஒரு கட்டத்தை நிரப்பக் கை பரபரக்கத்தான் செய்கிறது. எனினும் அதை அவள் நிரப்பட்டும். பெற்றோர் கையொப்பத்திற்கான இடம் அதற்குக் கீழேதான் உள்ளது.