பசையில் விழும் கோலம்

ஜப்பானின் ஹகோனே மலையில் இருக்கும் ஹதாஜுகு சின்ன ஊர். டோக்கியோ இன்னும் எடோவாக இருந்த காலத்தில் அங்கிருந்து கியோட்டோவுக்குப் போன தொக்கைடோ பெருவழி இந்த ஊர் வழியாகத்தான் ஏறியது. வழிப்போக்கர்களுக்கு மரச்சாமான் விற்றுப் பிழைத்தவர்கள் இவ்வூர்க்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த இஷிகாவா நிஹேய், பல நிற மரங்களை ஒட்டிக் கோலம் போடும் 'யோசெகி' வேலையை ஆரம்பித்துவைத்தார் என்பது ஊர் வழக்கு. 1984-இல் ஜப்பான் அரசு இதைப் பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது.

ஹதாஜுகுவில் ஒரு யோசெகிப் பட்டறைக்குள் நுழைந்ததும் மர வாசனை. சுவரோரம் கட்டுக்கட்டாகச் சட்டங்கள்: வெள்ளை, மஞ்சள், வால்நட்டின் பழுப்பு, லேசான பச்சை, கறுப்பு. சாயம் ஏற்றியவையா என்று கேட்டேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒரு சட்டத்தை எடுத்து நுனியை அறுத்துக் காட்டினார். உள்ளேயும் அதே நிறம். ஹகோனே மலையில் மர வகைகள் ஏராளம். இந்தத் தொழில் இங்கே வேர்விட்டதற்கு அதுவே காரணம்.

வேலை இப்படிப் போகிறது. சட்டத்தை மெல்லிய கீற்றுகளாக அறுக்கிறார்கள். கோணம் வெட்டிய மர அச்சில் ஒவ்வொரு கீற்றையும் படுக்கவைத்து இழைக்கிறார்கள். பிறகு பசை. அந்தக் காலத்தில் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம்; இப்போது நம் தச்சர்கள் கையில் இருக்கும் அதே மாதிரி வெள்ளைப் பசை. பெரியவர் அதைத் தூரிகையால் மெலிதாக இழுத்தார். கறுப்பை வெள்ளையோடு சேர்த்து, விரலால் முன்னும் பின்னும் லேசாகத் தேய்த்தார். உள்ளே இருந்த காற்று வெளியேறி, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ஓரத்தில் மணிமணியாகப் பசை பிதுங்கியது. ஒரு பக்கம் மட்டும் பிதுங்காமல் இருந்தால் அங்கே பசை போதவில்லை என்று அர்த்தமாம். அப்புறம் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் காயவைத்தார்.

காய்ந்த கட்டையைக் குறுக்கே துண்டு போட்டு, துண்டுகளை மறுபடி ஒட்டினால் பெரிய கோலப்பலகை கிடைக்கிறது. முதல் ஒட்டில் மயிரிழை பிசகினாலும் அந்தப் பிசகு ஒவ்வொரு துண்டிலும் திரும்ப வரும். கடைசியில் கோடுகள் ஒன்றோடொன்று சந்திக்காது. மரம் சரியாகக் காயாமல் இருந்தாலும் வம்புதான். ஒவ்வொரு மரமும் சுருங்கும் அளவு வேறு என்பதால், ஒட்டே விட்டுப்போகும்.

கோலப்பலகையின்மேல் பெரிய இழைப்புளியை ஓட்டினால் காகிதம் போன்ற சீவல் சுருண்டு வருகிறது. கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். அதை இஸ்திரி போட்டு நிமிர்த்திப் பெட்டிமேல் ஒட்டுகிறார்கள். பலகைகளைச் சரியான வரிசையில் நகர்த்தினால்தான் திறக்கும் ஹகோனே ரகசியப் பெட்டிகளின் மேனியில் இருப்பது இந்தச் சீவல்தான். சீவாமல் கோலக்கட்டையையே கடைந்து கிண்ணம் செய்வதும் உண்டு. அதில் கோலம் உள்வரை போகும், விலையும் கூடுதல்.

சுற்றுலா வந்தவர்கள் சீவல் சுருள்வதைப் பார்த்துத்தான் கைதட்டுகிறார்கள். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் தரம் அதற்கு வெகு முன்னாலேயே, யாரும் நின்று பார்க்காத அந்தப் பசை மேசையில் முடிவாகிவிடுகிறது. கூலியும் மதிப்பும் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் அது.

ஹகோனேவுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஹகோனே-யுமோட்டோ ரயில் நிலையத்திலிருந்து ஹதாஜுகுவுக்குப் பேருந்து உண்டு. பெட்டி வாங்கும்போது கோலத்தின் முனைகள் கூடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே கோடுகள் பிசகாமல் சேர்ந்திருந்தால், கேட்ட விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.