சூரை சுடும் ஊரில் ஒரு ஆட்டம்

கோச்சி, ஷிகோகு தீவு
மே மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெபராஜ்,

முதலில் பேரைத் தீர்த்துவிடுகிறேன். இது நம்ம கொச்சி இல்லை, கோச்சி. ஜப்பானின் நாலு பெரிய தீவுகளில் சின்னதான ஷிகோகுவின் தெற்குக் கரை. இங்கே ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்க ஒசாகாவிலிருந்து போகிறேன் என்றதும் ஆபீஸில் பக்கத்து சீட்காரர், "அது மூன்றாம் தரமாச்சே, அதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அந்த 'மூன்றாம் தரம்' பஸ்ஸில் வழி நெடுக மனசை உறுத்திக்கொண்டே வந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. ஹிரோமே சந்தை என்று ஒரு இடம். நீளமான பெஞ்சுகளில் முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு கடையில் வைக்கோலைக் கை நிறைய அள்ளி அடுப்பில் போடுகிறார் ஒருவர். தீ ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. அதில் கம்பியில் குத்திய மீனைக் காட்டி, தோல் கருகும்முன் எடுத்துவிடுகிறார். வெளியே சுட்ட வாசனை, உள்ளே பச்சைச் சிவப்பு. கட்டை விரல் தடிமனுக்கு வெட்டி, கல்லுப்பும் பச்சைப் பூண்டு வில்லைகளும் வைத்துக் கொடுத்தார். என்ன மீன் தெரியுமா? நம்ம சூரை! இவர்கள் கட்சுவோ என்கிறார்கள். அதையே வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவிச் சூப்பில் போடுகிறார்கள். உங்க அம்மா சம்பலுக்கு இடிக்கும் மாசியின் வாசனைதான், அச்சு அசல். வைக்கோல் புகையோடு முதல் துண்டு வாயில் கரைந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், வீட்டு நினைப்பு இப்படி என்னை அடித்ததில்லை.

ஆட்டத்துக்கு நடந்தே போனேன். கூட்டம் சில நூறு பேர் இருக்கும். ஜப்பானின் பெரிய லீக்கில் பன்னிரண்டு அணிகள், அதில் ஒன்றுகூட இந்தத் தீவில் இல்லை. 2005இல் ஹிரோமிச்சி இஷிகே என்ற பழைய நட்சத்திர ஆட்டக்காரர் முன்நின்று, தீவின் நாலு மாநிலங்களுக்கு நாலு அணிகள் என்று தனி லீக் ஆரம்பித்தார். கம்பெனிகள் நடத்திவந்த அணிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது, பையன்களுக்கு ஆட இடமில்லை. இந்த ஊர் அணிக்கு இங்கத்துச் சண்டை நாய் இனத்தை வைத்து 'ஃபைட்டிங் டாக்ஸ்' என்று பேர். முதல் வருஷமே லீக்கை ஜெயித்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் ஸ்கோர் நோட்டு. ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிக்கிறார். இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும் நோட்டை மூடிவிட்டுப் பேச ஆரம்பித்தார். 2017இல் மேனி ராமிரெஸ் வந்த கதை முதலில் வந்தது. அமெரிக்க மேஜர் லீக்கில் 555 ஹோம் ரன் அடித்தவர். இந்தச் சின்ன மைதானங்களில் ஆடிவிட்டுக் கிளம்பிப் போனார். அந்தக் கதையைப் பெரியவர் சீக்கிரம் முடித்துவிட்டார். குரல் மாறியது ஃபுஜிகாவாவிடம் வந்தபோதுதான்.

க்யூஜி ஃபுஜிகாவா இதே ஊர்ப் பிள்ளை. க்யூஜி என்றால் 'பந்துப் பிள்ளை' என்று அர்த்தம். அவர் பிறப்பதற்கு முதல் நாள் அப்பா ஊர் ஆட்டம் ஒன்றில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் பந்து வீசியதால் வைத்த பேர். பெரிய லீக்கின் ஹான்ஷின் டைகர்ஸில் கொடிகட்டிப் பறந்து, அமெரிக்கா போய், முழங்கையில் ஆபரேஷன், 2015இல் அங்கே கழற்றிவிட்டார்கள். வேறு பெரிய இடம் தேடிப் போகாமல் நேரே இங்கே வந்தார். சம்பளம் வேண்டாம் என்றார். டிக்கெட் வசூலில் ஒரு பங்கு அனாதைப் பிள்ளைகள் இல்லங்களுக்குப் போனது. அந்த வருஷம் பார்த்ததைச் சொல்லும்போது பெரியவர் பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபுஜிகாவா மறுபடி ஹான்ஷினுக்குப் போனார். 2025இல் அதே அணிக்கு மேனேஜராகி, முதல் வருஷமே பெரிய லீக்கின் ஒரு பாதியான சென்ட்ரல் லீக்கை ஜெயித்துக் கொடுத்தார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது கட்சுயா காகுனாகாவைப் பற்றி. பள்ளிக்கூடம் முடித்து 2006இல் இங்கே வந்த பையன். ஒரே சீசன். பெரிய அணிகள் ஆள் தேர்ந்தெடுக்கும் அந்த வருஷ டிராஃப்டில் ஏழாவது சுற்றில் லோட்டே அணி எடுத்தது. 2012இல் பெரிய லீக்கின் மறு பாதியான பசிபிக் லீக்கில் பேட்டிங் சராசரியில் முதலிடம் அவருக்குத்தான், 2016இல் மறுபடியும். இந்த ஊர்க் கதவு மூடியிருந்தால் அந்தப் பையன் என்ன ஆகியிருப்பான்? மூன்றாம் தரம் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். தரம் பிரிக்கிறவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு நாளில் பையனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். இன்னொரு நாள் கொடுக்க ஒரு இடம் வேண்டாமா?

அந்த இன்னொரு நாளுக்காகப் பையன்கள் கொடுக்கும் விலையும் சின்னதில்லை. சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் சம்பளம், ஒரு லட்சம் யென்னும் கொஞ்சமும். ஒசாகாவில் என் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பற்றாத காசு. மிச்ச மாதங்களில் கடைகளில் வேலை. பெரும்பாலானவர்கள் மேலே போவதே இல்லை.

இன்று நம்ம அணி (ஆமாம், நம்ம அணி) தோற்றது. முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வாசலில் வரிசையாக நின்று வெளியே போகிற ஒவ்வொருவர் கையிலும் கை தட்டி, தலை வணங்கி அனுப்பினார்கள். தோல்விக்குக் காரணமான பிட்சரும் நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். நடுவிரல் நகம் பாதி கறுத்திருந்தது, உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி. பெரியவர் அவனிடம், "ஏழாவது இன்னிங்ஸில் அந்தக் கடைசிப் பந்து நல்ல பந்து" என்றார். அவன் இடுப்பு வரை குனிந்து, நிமிர நேரமெடுத்தான்.

நீ கிரிக்கெட் செலக்‌ஷனுக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தாயே, அந்த ராத்திரி உன்னிடம் இப்படி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கூப்பிட வந்த நானும்தான். உன் அவுட்ஸ்விங்கர் நல்ல பந்துடா. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உனக்கு ஒரு தொப்பி வாங்கியிருக்கிறேன். கிட் பேக் இன்னும் பரணில்தானே இருக்கிறது?

உன்,
ராமர்