அரை மில்லிமீட்டர் குருத்து

குச்சிக்கிழங்கு என்று எங்கள் பக்கம் சொல்லும் மரவள்ளியின் நுனிக்குருத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து இளம் இலைகளை ஒவ்வொன்றாக விலக்கினால், கடைசியில் பனித்துளி போலப் பளபளக்கும் சிறு மேடு தெரியும். அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அதை வெட்டியெடுக்க வேண்டும். தேமல் நோயின் வைரஸ் பெரும்பாலும் சாறோடும் குழாய்களின் வழியே செடிக்குள் பரவுகிறது. அந்த நுனிக்கு இன்னும் குழாய் போய்ச் சேரவில்லை. அதனால்தான் நோயுற்ற தாயிடமிருந்தும் நலமான கன்றை எடுக்க முடிகிறது. பெரிதாக வெட்டினால் வைரஸும் கூடவே வரும். சிறிதாக வெட்டினால் குருத்து பிழைக்காது. ஒசூர்ப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் இந்தக் கைப்பழக்கம் எனக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

என் ஊரான கல்லாவியில் எங்கள் காட்டிலும் குச்சிதான். மஞ்சள் திட்டு விழுந்து சுருண்ட இலைகளைப் பார்த்தே வளர்ந்தேன். வெள்ளை ஈ அந்த நோயைப் பரப்புகிறது, நாமும் பரப்புகிறோம். போன வருஷத் தண்டை வெட்டிக் கரணையாக நடும்போது நோயையும் சேர்த்தே நடுகிறோம்.

இதற்கான ஆராய்ச்சி நம்மிடம் உண்டு. திருவனந்தபுரத்தில் 1963 முதல் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் தனியார் கூடங்களின் அலமாரிகளில் நிறைந்திருப்பது ஜி-9 வாழை. வாழைக்கன்றை விவசாயி காசு கொடுத்து வாங்குவார். குச்சிக்கு? "ஏம்மா, கரணை காட்டுலயே கெடக்குது, அதைக் காசு குடுத்து வாங்கச் சொல்றியே?" என்றார் பெரியப்பா. அவர் கேட்டது நியாயம்.

செலவைக் குறைக்க வழி தேடினோம். 1962இல் முராஷிகேவும் ஸ்கூக்கும் வகுத்த உப்புக் கலவைதான் இன்றும் எங்கள் வளர்ப்பு ஊடகம். அதை உறையவைக்கும் அகர் விலை கூடியது. வளரும் நாடுகளுக்கான மலிவான திசு வளர்ப்பு முறைகள் பற்றிப் பன்னாட்டு அணுசக்தி முகமை 2004இல் ஒரு தொகுப்பே வெளியிட்டது. கடைச் சர்க்கரை போட்டோம்; ஜவ்வரிசியைக் காய்ச்சி ஊற்றினோம். குச்சிக்கிழங்கின் மாவே குச்சிக் கன்றைத் தாங்கி நின்றது. ஆனால் கலங்கலாக உறைவதால் வேரும் தெரியாது, கிருமி வந்தாலும் சீக்கிரம் தெரியாது. முதல் கட்டத்துக்கு அகர், பெருக்கும் கட்டத்துக்கு ஜவ்வரிசி என்று பிரித்துக்கொண்டோம்.

ஒரு சித்திரை இரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பாட்டில்களின் அடியில் பால் போலப் பாக்டீரியா. ஆறு மாத உழைப்பைக் கொதிக்கவைத்துக் கொட்டினோம். எல்லாவற்றையும் கூடத்துக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்று அன்று புரிந்தது.

கூடம் தர வேண்டியது லட்சம் கன்றுகளை அல்ல, சோதித்துத் தேறிய சில நூறு தாய்ச் செடிகளை. மிச்சத்தை ஊர் செய்யும். வழக்கமான முறையில் ஒரு செடியிலிருந்து வருஷத்துக்குப் பத்துக் கரணை. இரண்டு கணுவுள்ள சிறு துண்டுகளாக நாற்றுவிட்டால் அறுபது வரை வரும். வெள்ளை ஈ நுழையாத வலைக்குடில் ஒன்று ஊருக்கு இருந்தால் போதும்.

கல்லாவியில் இப்போது அப்படி ஒரு சின்னக் குடில் போட்டிருக்கிறேன். போன வாரம் பெரியப்பா வந்தார். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், விரலால் நீவினார். சுருக்கமில்லை. "கரணை வெட்டும்போது எனக்குப் பத்து எடுத்து வை" என்றார்.