பெரியகுளத்துக் கரையில் ஒரு கேள்வி

கோவை நகரின் தென்மேற்கு வாயிலாக விளங்குவது உக்கடம். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் செல்லும் பேருந்துகளின் இரைச்சல், மீன் சந்தையின் ஆரவாரம், 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலம் ஆகிய இவற்றுக்கு நடுவே அமைதியாகப் பரந்து கிடக்கிறது பெரியகுளம். அதன் கரையில் காலையில் உலவ வருவோர் பலர். ஆயினும் அந்நீர் எங்கிருந்து வருகிறது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூரைத் தொட்டு நகரை நோக்கி வருகிறது. முன்னோர் அதன் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகள் நீரை வாய்க்காலில் திருப்ப, அது குளம் குளமாக நிரம்பி இங்கு வந்து சேர்கிறது.

அக்கரையில்தான் ஒரு நாள் ஒரு தாய் நம்மை மறித்து நின்றார். நம் பங்கைச் சேர்ந்தவர்; கணவரை இழந்தவர்; தையல் எந்திரம் மிதித்து ஒரே மகனை ஆளாக்கியவர்.

“சாமி, எம்பையன் ஏதோ தியான வகுப்புக்குப் போறானுங்க. மூணு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துக்கறான். முதுகுத்தண்டுல சூடு ஏறுது, நெத்தியில வெளிச்சம் தெரியுதுங்கறான். எங்கூடப் பேச்சே இல்லீங்க. வேலைக்கும் பாதி நாள் போறதில்லை. இது ஆண்டவர் குடுக்கறதுங்களா, வேற ஏதாச்சுமுங்களா?”

“விட்டுவிடச் சொல்லுங்கள் அம்மா!” என்னும் சொல் நம் நாவின் நுனிவரை வந்தது. ஆயினும் அடக்கிக் கொண்டோம். அறியாத ஒன்றைத் தீர்ப்பிடுவது எளிது. அத்தாயின் கேள்விக்கு அது விடையாகாது. “ஒரு வாரம் பொறுங்கள். பிறகு பையனை நம்மிடம் அனுப்புங்கள்” என்றோம்.

அன்பார்ந்த வாசகர்களே! தியானம் என்றதும் நம் குடும்பங்களின் நினைவுக்கு வருவது ஆண்டுதோறும் பங்கில் நடைபெறும் மூன்று நாள் தியானம். பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், நிறைவுத் திருப்பலி. நம் அடுத்த வீட்டாருக்கோ அச்சொல் கண்மூடி அமர்வதைக் குறிக்கிறது. இக்கொங்கு மண்ணில் அத்தகைய தியானம் மிகவும் பரவியுள்ளது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா யோக மையத்தின் தியானலிங்கம் 1999இலும், 112 அடி உயர ஆதியோகி உருவம் 2017இலும் எழுந்தன. தெற்கே ஆழியாற்றில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில் 1984ஆம் ஆண்டு முதல் உள்ளது. நம் இளைஞர் இவற்றை அறியாமல் வளர்வதில்லை. அவர்களுக்கு வழி சொல்ல வேண்டிய நாம் அறியாமல் இருக்கலாமா?

ஆகவே அவ்வாரத்திலேயே உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறினோம். நமக்குத் துணையாக வந்தவர் நம் பங்கின் பெரியவர் ஒருவர். பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் தவறாமல் திருப்பலிக்கு வருபவர். ஒரு காலத்தில் குடியினால் குடும்பத்தையே வதைத்தவர் என்றால் இன்று எவரும் நம்பமாட்டார். நண்பர் ஒருவர் அழைத்துச் சென்ற மனவளக்கலை மன்றத்தில் அவரது மனமாற்றம் தொடங்கியது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பேருந்து ஆற்றுப்பாலத்தில் நொய்யலைக் கடந்து, குறிச்சிக் குளத்தை ஒட்டி ஓடி, ஈச்சனாரியையும் கிணத்துக்கடவையும் தாண்டியது. 40 கிலோமீட்டர் கடந்தால் பொள்ளாச்சி. அதற்கப்பால் தென்னந்தோப்புகளின் நிழலிலேயே வழி செல்கிறது. வால்பாறை மலைச்சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் அடிவாரத்தில் ஆழியாறு. ஆனைமலைத் தொடர் சுவராக எழுந்து நிற்க, அதன் காலடியில் அணை நீர் அசைவற்றிருந்தது.

வேதாத்திரி மகரிஷி 1911ஆம் ஆண்டு கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். இல்லறத்தில் இருந்தவாறே தவம் பயின்றவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, 2006இல் கோவையில் மறைந்தார். முதுகுத்தண்டின் அடியில் உள்ளதாகக் கூறப்படும் குண்டலினி ஆற்றலை ஆசானின் துணையால் புருவ நடுவுக்கு உயர்த்தி, அங்கே மனத்தை நிறுத்துவது அவர் எளிமைப்படுத்திய முறை. அதனோடு மற்றொன்றையும் சேர்த்தே கற்பித்தார். மேலேறிய ஆற்றல் தாங்க முடியாததாகத் தோன்றினால் அதனை மீண்டும் மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவம் அது. ஏறுவதற்கு மட்டுமன்றி இறங்குவதற்கும் வழி சொன்ன இம்முன்னெச்சரிக்கையை நாம் மதித்தோம்.

நம்மைப் பெரிதும் கவர்ந்தது அகத்தாய்வு என்னும் பயிற்சி. எண்ணத்தை ஆராய்தல், ஆசையைச் சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என உணர்தல் என அது படிப்படியாகச் செல்கிறது. யார் மீது, எதனால், எத்தனை முறை சினம் வருகிறது என்று தாளில் பட்டியலிட வேண்டும். பிறகு அவர்களையே வாழ்த்த வேண்டும். இரவில் ஆன்மசோதனை செய்யப் பழகிய நமக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. மகரிஷியின் துணைவியார் லோகாம்பாள் பிறந்த ஆகஸ்டு 30ஆம் நாளை மனைவி நல வேட்பு நாளாக அவர்கள் கொண்டாடுவதையும் பெரியவர் சொன்னார்.

“சாமி, எம்பட்டியல்ல மொதப் பேரு எவ வீட்டுக்காரிங்க. கண்ணை மூடினது பெரிசில்லீங்க. கண்ணைத் தொறந்த பொறகு அவ மொகத்தைப் பார்க்க முடிஞ்சுதுங்க. அப்புறந்தானுங்க கோயிலுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணினேன்” என்றார்.

இவ்வாறு சொல்வதனால் எல்லாம் ஒன்றே என நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். வேறுபாடு உண்டு, அதை மறைப்பது நேர்மையன்று. சுத்தவெளியே தெய்வநிலை என்பதும், மனம் அதில் கலந்து அடங்குவதே முடிவு என்பதும் மகரிஷியின் போதனை. நாமோ நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் தந்தையோடு உரையாடுகிறோம். அவரது அருள் கொடையாக வருவது. பயிற்சியின் வலிமையால் இழுத்துப் பெறுவது அன்று. பெரியவர் இதை அறிந்தவர். அமைதியாக அமர்வதை அங்கே கற்றார். அவ்வமைதியில் யாரிடம் பேசுவது என்பதை நற்கருணைப் பேழையின் முன் அறிந்தார்.

திருச்சபையின் போதனையும் இவ்வகையிலேயே அமைந்துள்ளது. கிறிஸ்தவத் தியானம் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989ஆம் ஆண்டு ஆயர்களுக்கு ஒரு மடல் அனுப்பியது. பிற சமயங்களின் முறைகள் என்பதற்காகவே அவற்றைத் தள்ளிவிட வேண்டாம் என்றும், கிறிஸ்தவ செபத்தின் இயல்பு கெடாதவாறு அவற்றில் பயனுள்ளதை ஏற்கலாம் என்றும் அது கூறுகிறது. உடற்பயிற்சியால் இளைப்பாறலும் ஒளியும் வெப்பமும் போன்ற உணர்வுகள் தோன்றக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது. அவற்றையே தூய ஆவியின் ஆறுதல் எனக் கொள்வது பிழை. வாழ்க்கை அதற்கேற்ப அமையாதபோது அவற்றைப் பேரனுபவமாகக் கருதினால் மனநோய்க்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் இடமுண்டு என எச்சரிக்கிறது.

அந்த எச்சரிக்கை பிற முறைகளைப் பயில்வோருக்கு மட்டுமா? திரும்பும் வழியில் நம் இளமைப்பருவம் நினைவுக்கு வந்தது. குருமடத்தில் பயின்ற நாளில் ஒரு சமயம் இரவு செபத்தில் சொல்லொணா இனிமை கண்டோம். கண்ணீர் பெருகும், நேரம் போவது தெரியாது. ஓர் இரவு பக்கத்து அறையில் காய்ச்சலாய்க் கிடந்த தோழன் தண்ணீர் கேட்டு அழைத்தான். அக்குரல் நம் செவியில் விழுந்தது. எழுந்தால் இனிமை கலைந்துவிடுமே என்று எழாதிருந்தோம். மறுநாள் நம் ஆன்ம குருவிடம் அந்த இனிமையைப் பெருமையோடு விவரித்தோம். தோழனைப் பற்றியும் இடையே சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஆண்டவர் அந்த அறையிலிருந்து உம்மைக் கூப்பிட்டார், நீர் போகவில்லை” என்றார். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் 1577இல் எழுதிய உள்ளக் கோட்டை நூலிலும் இதே அறிவுரை உண்டு என்பதைப் பின்னரே படித்தோம். நோயுற்ற சகோதரிக்கு உதவ முடியுமானால் பக்தி உணர்வு போய்விடுமே என அஞ்ச வேண்டாம் என்கிறார் அவர்.

புனித இஞ்ஞாசியாரின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1522ஆம் ஆண்டு அவர் ஸ்பெயின் நாட்டு மன்ரேசா நகரில் தங்கியிருந்தார். பட்டப்பகலில் அவர் கண்முன் காற்றில் ஓர் உருவம் தோன்றும், பாம்பு போன்றது, கண்களைப் போல் ஒளிரும் பல புள்ளிகள் கொண்டது. அதைக் காண்பது அவருக்குப் பேரின்பமாயிருந்தது. மறைந்தால் மனம் வருந்தியது. பின்னொரு நாள் கார்டோனேர் ஆற்றை நோக்கி அமர்ந்திருந்தபோது அவர் அறிவு பெரிதும் தெளிவடைந்தது. நன்றி செலுத்த அருகிலிருந்த சிலுவையின் முன் முழந்தாளிட்டார். அவ்வுருவம் மீண்டும் வந்தது. ஆனால் சிலுவையின் முன் அதன் அழகு குன்றியது. அது தீயவனின் வேலை என அப்போதே உணர்ந்தார்.

பாம்பு என்றதும் குண்டலினியை எண்ணி, அதுவும் இதுவும் ஒன்றென எவரும் முடிவு கட்ட வேண்டாம். இஞ்ஞாசியார் அதைப் பற்றிப் பேசவில்லை. நாம் கற்க வேண்டியது வேறு. இன்பம் தருவதாலேயே ஒன்று இறைவனிடமிருந்து வந்ததாகாது. ஆவிகளைத் தேர்ந்து தெளிய அவர் வகுத்த விதிகளுள் ஒன்று, எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றையும் கவனிக்கச் சொல்கிறது. மூன்றும் நன்மையை நோக்குமானால் அது நல்ல ஆவியின் அடையாளம். நல்லதாய்த் தொடங்கி, தீயதிலோ முன்னிருந்த நன்மையைக் குறைப்பதிலோ முடியுமானால் அதை நம்பலாகாது.

இவ்விதியை விளக்க நம் நொய்யலே போதுமே! வெள்ளியங்கிரிச் சுனையில் அதன் நீரைப் பருகியவர் குறை சொல்லார். நகரத்தினுள் அதில் சாக்கடை கலக்கிறது. திருப்பூரில் சாயக் கழிவு கலந்து, பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே நஞ்சுத் தேக்கமாயிற்று, வயல்கள் பாழாயின. 2011ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்குக் கேடு முற்றியது. சுனை தூயது என்பதால் மட்டும் ஆறு தூயதாகாது. ஆறு கெட்டது என்பதால் சுனையைத் தூர்ப்பதும் அறிவன்று. எங்கே எது கலந்தது எனக் கரையோடு நடந்து பார்க்க வேண்டும். அந்நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலந்து கிழக்கே செல்கிறது. அக்காவிரிக் கரையில், குளித்தலை அருகே, 1950ஆம் ஆண்டு மோன்ஷனேன் அடிகளாரும் அபிஷிக்தானந்தரும் சாந்திவனத்தை நிறுவினர்; இம்மண்ணின் மௌனத்தில் கிறிஸ்துவைத் தேடினர்.

ஒரு வாரம் கழித்து அத்தாயின் மகன் வந்தான். பம்பு செய்யும் பட்டறையில் வேலை. கண்களில் தூக்கமின்மை தெரிந்தது. பெரியகுளத்துக் கரையில் உலவியவாறே பேசினோம். ஒளியையும் சூட்டையும் பற்றி ஆர்வமாய்ச் சொன்னான், குறுக்கிடாமல் கேட்டோம். பின்னர், “தம்பி, கண்ணைத் திறந்த பிறகு என்ன நடக்கிறது?” என்றோம். நின்றுவிட்டான். நெடுநேரம் குளத்தைப் பார்த்திருந்து, “அம்மாகிட்டப் பேசி மூணு மாசம் ஆச்சுங்க சாமி” என்றான். அவன் குரல் உடைந்தது. அதற்குமேல் நாம் பிரசங்கம் செய்யவில்லை.

மூன்று காரியங்களை மட்டும் சொன்னோம். சூடேற்றும் பயிற்சியை ஒரு மாதம் நிறுத்த வேண்டும்; நிறுத்த முடியவில்லை என்றால் அதுவே ஓர் அடையாளம். தூக்கமின்மைக்கு மருத்துவரைக் காண வேண்டும். இரவு உணவை அம்மாவோடு அமர்ந்து உண்ண வேண்டும். அமைதியாக அமர விரும்பினால் காலைத் திருப்பலிக்கு முன் கோவிலில் அரை மணி நேரம் அமரலாம். துணைக்கு அந்தப் பெரியவர் இருப்பார்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இக்கேள்வி எழலாம். பிள்ளை கண்மூடி அமர்ந்ததும் அஞ்சிச் சீறாதீர்கள். உண்கிறானா, உறங்குகிறானா என்று பாருங்கள். தாழ்ச்சி வளர்கிறதா, பிறரை இகழும் செருக்கு வளர்கிறதா என்று பாருங்கள். வீட்டாரிடம் மறைக்கச் சொல்லும் எதுவும், விலக நினைப்பவரை அச்சுறுத்தும் எதுவும், வாழ்நாள் சேமிப்பைக் கேட்கும் எதுவும் இறைவனின் வழியன்று. அதன் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் சரி. குரல்கள் கேட்பதாகச் சொன்னால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதே அளவுகோலை நம் செபக் கூட்டங்களுக்கும் வைப்போம். கண்ணீரோடு செபித்துவிட்டு உடன்பிறந்தவனோடு வரப்புக்காக வழக்காடும் பக்தி எந்தச் சுனையிலிருந்து வந்தது என்று நம்மையே கேட்போம்.

அவ்விளைஞன் முற்றிலும் மாறிவிட்டான் எனக் கதை முடிக்க நமக்கு விருப்பமில்லை. முதல் மாதத்தில் இருமுறை பழைய பயிற்சிக்குத் திரும்பினான். தானே வந்து சொன்னான். இப்போதும் சில நாள் பேச்சற்றிருக்கிறான் என்கிறார் தாய். ஆனால் சென்ற சனிக்கிழமை மாலை உக்கடம் மீன் சந்தையருகே அவர்களைக் கண்டோம். தாய் விலை பேசிக்கொண்டிருந்தார். மகன் பையைப் பிடித்தவாறு பின்னால் நின்றான். நம்மைக் கண்டதும் அவன் சிரித்து, “தோத்திரம் சாமி” என்றான். ஆண்டவருக்கு நன்றி கூறியவாறே குளக்கரை வழியே பங்கு இல்லம் திரும்பினோம்.