தலை தாழ்த்தக் கற்றோம்

1971 இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றி வகுப்பறையில் பெருமையுடன் கற்பித்தவர் நாம். ஊர்க்கடலில் தலையை உயர்த்தியே நீந்திப் பழகிய நாம், இந்நாட்டு நீச்சல் தடாகத்தில் மறுகரை சேருமுன்னரே களைத்தோம். எம்மிடம் அரிச்சுவடி கற்கும் சிறுமி ஒருத்தி காரணம் கூறினாள்:

"சேர், தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழும். முகத்தைத் தண்ணிக்குள்ள வைச்சு மூச்சை விடுங்கோ. உடம்போட சேர்ந்து பக்கவாட்டில திரும்பி மூச்செடுங்கோ."

ஏதிலியாய் வந்த நாள்முதல், தலை தாழாதிருத்தலே எமக்கு எஞ்சிய உடைமையென எண்ணியிருந்தோம். நாணம் தடுத்தது, ஆயினும் அவள் சொற்படி செய்தோம். நீர் எம்மைத் தாங்கியது.

மறுவாரம் அவள் ழகரத்தில் இடறினாள். நாம் சினக்கவில்லை. நாநுனியை உள்நோக்கி வளைத்துக் காட்டினோம், அவள் எமக்குக் காட்டிய அதே பொறுமையுடன்.